மின்னழுத்தம் நாலு

என் மாமியாரின் போனில் மத்தியானத்துக்கு மேல் சார்ஜ் நிற்காது. எங்கள் வீட்டில் அந்த வருஷம் நடந்த சண்டைகளில் பாதி அதனால் வந்தவை. மீதி எதனால் வந்தவை என்று இப்போது ஞாபகமில்லை. பெரிய விஷயமாக இருந்திருக்காது.

அத்தைக்கு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி ஒரு பெட்டிக்கடை இருக்கிறது. தண்ணீர் பாட்டில், மோர், கற்பூரம், பிஸ்கட், கால் வலித் தைலம், இவ்வளவுதான் சரக்கு. கடைக்குப் பின்னாலேயே வீடு. நாங்கள் பிள்ளையின் படிப்புக்காக டவுனுக்கு வந்து பஸ் ஸ்டாண்டு பக்கம் வாடகைக்கு இருக்கிறோம். நான் ஒரு லாட்ஜில் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறேன். என் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். "எங்ககூட வந்துடுங்க அத்தை" என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்கு வாய் வலித்துப்போனது. "அங்க வந்து செவுத்தைப் பாத்துக்கினு உக்காரச் சொல்றியா? இங்கன்னா நாலு ஜனத்தைப் பாக்கலாம்" என்பார். அதற்கு மேல் பேச முடியாது. பேசினால் எனக்குக் கோபம் வரும், அவருக்கு என்னைவிட ஜாஸ்தி வரும்.

மாமனார் போனது ஒரு காலை வேளையில். டீ குடித்தார், டம்ளரைக் கீழே வைத்தார், அப்படியே சாய்ந்தார். முந்தின நாள்வரை மணிலாக்கொட்டை வயலில் நின்றுவிட்டு வந்த மனிதர். அதற்குப் பிறகுதான் அத்தையை இழுத்துக்கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் காட்டினோம். பிரஷர் இருந்தது. தினம் காலையில் ஒரு மாத்திரை, உப்பைக் குறைக்கணும், மாத்திரையை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் நிறுத்தக்கூடாது என்று டாக்டர் சொன்னார். கொஞ்ச நாளிலேயே கடையில் தலைசுற்றி ஐஸ் பெட்டிமேல் விழுந்தார். மலை சுற்ற வந்த யாரோ ஒரு அம்மா முகத்தில் தண்ணீர் தெளித்து உட்காரவைத்துவிட்டு, அத்தையின் போனிலிருந்தே எனக்குப் பேசினார். அன்றிலிருந்து அந்தப் போன் அணைந்தால் அத்தை மறுபடி விழுந்துவிட்டார் என்றே தோன்றும். சாதாரண நாள் என்றால் ஓர் ஆட்டோவைப் பிடித்து ஓடலாம். பௌர்ணமி அன்றைக்குப் பாதையில் வண்டியே விடமாட்டார்கள். லட்சம் பேர் நடக்கிற கூட்டத்தில் புகுந்து நானும் நடந்துபோய்ச் சேருவதற்குள் என்ன வேண்டுமானாலும் ஆகிவிடும்.

பட்டன் போன் வைத்திருந்தவரைக்கும் இந்தத் தொல்லை இல்லை. ஒரு தடவை சார்ஜ் போட்டால் நாள் கணக்கில் நிற்கும். ஆனால் ஜனங்கள் ஒரு தண்ணீர் பாட்டிலுக்குக்கூட "ஸ்கேன் இருக்காம்மா?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். அதற்குப் பெரிய போன் வேண்டும். என் வீட்டுக்காரர் தன் பழைய போனைத் துடைத்து, புது உறை மாட்டி, சீர்வரிசை கொடுப்பதுபோல அம்மாவிடம் கொடுத்தார். தான் புதுசு வாங்கிக்கொள்ள அவருக்கு அது ஒரு சாக்கு. பழைய போனின் பேட்டரி பாதி செத்திருந்ததை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

பௌர்ணமிக்கு அறை எடுக்க வருகிறவர்கள் வெந்நீரைப் பற்றிக் கேட்பதைவிட, கட்டிலுக்குப் பக்கத்தில் சார்ஜ் போட பிளக் உண்டா என்றுதான் அதிகம் கேட்கிறார்கள். அப்படிக் கேட்ட ஓர் அம்மாதான் பேட்டரியைக் கண்காணிக்கும் ஆப் ஒன்றைத் தன் போனில் காட்டினார். சார்ஜ் எவ்வளவு, எவ்வளவு நேரம் வரும், போன் சூடாகிறதா என்று எல்லாவற்றையும் அது சொல்லும். அந்த ஞாயிற்றுக்கிழமையே அத்தையின் போனில் அதை ஏற்றினேன். அத்தை தமிழ் மட்டும் எழுத்துக்கூட்டிப் படிப்பார் என்பதால், நல்ல காரியம் செய்கிற நினைப்பில் மொழியைத் தமிழுக்கு மாற்றியும் வைத்தேன். திறந்ததும் பச்சையாக ஒரு வட்டம். அதற்குக் கீழே 'ஆரோக்கியம்: நன்று' என்று வந்தது. 'வெப்பநிலை', 'மின்னழுத்தம்' என்று இன்னும் இரண்டு வரி. இந்தக் காலத்தில் நன்று என்று யார் சொல்கிறார்கள் என்று சிரித்துக்கொண்டேன்.

"இதுல நன்றுனு இருக்கிறவரைக்கும் கவலையே இல்ல அத்தை. சிவப்பா ஏதாச்சும் வந்தா உடனே எனக்குப் போன் பண்ணுங்க" என்றேன். அத்தை போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய் ஒவ்வொரு எழுத்தாக உதட்டை அசைத்துப் படித்தார். "பரவால்லம்மா. நல்லா எழுதிக்கீறான்" என்றார்.

அதன்பிறகு தினம் காலைக் கூட்டம் ஓய்ந்ததும் லாட்ஜிலிருந்து போன் செய்வேன்.

"பேட்டரி எப்படி இருக்கு அத்தை?"

"நன்றுனு போட்டுக்கீதும்மா."

"சூடு?"

"முப்பத்தாறு."

"சரி அத்தை, வெச்சிடறேன்."

எனக்குப் பெருமை தாங்கவில்லை. பேரப்பிள்ளை எடுத்த வயதில் ஒரு பொம்பளைக்கு இவ்வளவு சுத்தமாகப் போனைப் பார்க்கச் சொல்லிக்கொடுத்திருக்கிறேனே என்று வேலைசெய்யும் இடத்தில்கூடச் சொல்லிக்கொண்டேன். இன்னொரு நல்ல மாற்றமும் வந்தது. உச்சிவெயிலில் கடையைக் கொஞ்சநேரம் சாத்திவிட்டுப் படுக்கிறார் என்று பக்கத்துக் கடைக்காரம்மா சொன்னார். நாங்கள் கத்திக் கத்தித் தொண்டை வற்றியும் கேட்காதவர், தானாகப் படுக்கிறாரே என்று நானும் வீட்டுக்காரரும் சந்தோஷப்பட்டோம்.

ஆனால் சார்ஜ் விஷயம் மோசமாகிவிட்டது. முன்பு மத்தியானம் அணைந்த போன் இப்போது அதற்கு முன்பே அணைந்தது. நான் போன் செய்தால் 'ஸ்விட்ச் ஆஃப் செய்யப்பட்டுள்ளது' என்று ஒரு பெண் பொறுமையாகச் சொல்வாள். அவள் பொறுமையைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"எல்லாம் நீ போட்ட அந்த ஆப்பாலதான்" என்றார் வீட்டுக்காரர். "பேட்டரியைப் பாத்துக்கோன்னு ஒருத்தனைக் காவலுக்கு வெச்ச. அவனே உக்காந்து தின்னுக்கினு கீறான். வேலியே பயிரை மேஞ்ச கதை."

"வேலியுமில்ல பயிருமில்ல. செத்த பேட்டரியை அம்மா தலையில கட்டினது யாரு?"

"அப்ப அதை எடுத்துட்டுப் பாரேன், தெரியும்."

"எடுக்கமாட்டேன். அது இருக்கிறதாலதான் அத்தை எப்படி இருக்காங்கன்னு தெரியுது." கோபத்தில் நான் சொன்ன வார்த்தை இதுதான். போன் என்று சொல்ல வந்தவள் அத்தை என்று சொல்லிவிட்டேன். அவரும் கவனிக்கவில்லை.

சும்மா சண்டை போடுவது என் வழக்கமில்லை. ஆதாரத்தோடுதான் போடுவேன். அடுத்த முறை அடி அண்ணாமலைக்குப் போனபோது போனின் செட்டிங்கைத் திறந்து, எது எவ்வளவு சார்ஜைத் தின்கிறது என்று பார்த்தேன். ஆப் பின்னால் சும்மா ஓடியதற்குக் கொஞ்சம்தான் ஆகியிருந்தது. அதைத் திறந்துவைத்த நேரம்தான் பயங்கரமாக இருந்தது. விடிந்ததிலிருந்து போன் அணைகிறவரைக்கும் அந்த ஆப்தான் திரையில் இருந்திருக்கிறது. இதை யார் திறந்துவைத்துக்கொண்டு உட்காரப்போகிறார்கள்? இடுப்பில் சொருகிய சுருக்குப்பையில் உரசி உரசித் தானாகத் திறந்திருக்கும் என்று முடிவு கட்டினேன். போதாததற்குத் திறக்கும்போதெல்லாம் ஒரு விளம்பரம் வேறு ஆடிப் பாடியது. வீட்டுக்காரர் சொன்னது பாதி சரியாகப் போய்விட்டதே என்ற எரிச்சலில், அத்தை கடையில் யாருக்கோ மோர் ஊற்றிக்கொண்டிருந்த நேரத்தில் ஆப்பை அழித்துவிட்டு பஸ் ஏறினேன்.

மறுநாள் பேச நேரமில்லை, மணி மட்டும் அடித்துப் பார்த்தேன்; சாயங்காலம்வரை போன் அணையவில்லை. "இன்னா சொன்னேன்?" என்று வீட்டுக்காரர் மீசையைத் தடவினார். நான் தோசைக் கல்லைத் தட்டி வைத்தேன்.

அதற்கு அடுத்த நாள் காலையில் லாட்ஜில் ஒரு குடும்பத்துக்கு அறை எழுதிக்கொண்டிருந்தேன். வாசலில் ஷேர் ஆட்டோ நின்றது, அத்தை இறங்கினார். அத்தை டவுனுக்கு வருவதே அபூர்வம். லாட்ஜுக்கு ஒருநாளும் வந்ததில்லை. மேசைக்கு நேராக வந்து போனை என் முன்னால் வைத்தார்.

"ஏம்மா, இதுலருந்து இன்னாத்த எடுத்த?"

"அந்த பேட்டரி ஆப்பைத்தான் அத்தை. சார்ஜை ஜாஸ்தி இழுக்குது."

"இழுத்தா இழுத்துட்டுப் போவுது! நான் பிரஷர் பாக்க வாணாமா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "எந்த பிரஷர்?" என்றேன்.

"அதுலதான தெனம் பாத்துக்கினு கீறேன்." அத்தை விரலை மடக்கினார். "ஆரோக்கியம் நன்று. வெப்பநிலை முப்பத்தாறு. அழுத்தம் நாலு. ரெண்டு நாளா ஒண்ணுமே தெரியாம எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல."

"அழுத்தமா? அத்தை, அது மின்னழுத்தம்!"

"அதான். ஆஸ்பத்திரில கையில சுத்திக் காத்தடிச்சுப் பாக்கறாங்க. இது கரண்ட்ல பாக்கறது. மின்விசிறி மாரி மின்னழுத்தம்."

அறை எடுக்க வந்த குடும்பம் மொத்தமும் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றது. நான் எழுந்துவிட்டேன். "அதுல பேட்டரினு எழுதியிருக்குமே அத்தை, அதைப் படிக்கலையா?"

"படிக்காம? உங்க பெரியப்பாவுக்கு நெஞ்சுல பேட்டரி வெச்சாங்களே, பழம் வாங்கிக்கினு போய்ப் பாத்துட்டு வந்தமே. நெஞ்சைத்தான் பேட்டரின்றாங்க. எனக்குத் தெரியாதா?" பிறகு, எனக்குத்தான் விவரம் பத்தவில்லை என்பதுபோலக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "கொரோனா சமயத்துல கோயில் வாசல்ல நெத்தியில துப்பாக்கி மாரி வெச்சுப் பாத்தானே, அப்பவும் முப்பத்தாறுதான் சொன்னான். அதே கணக்குதான் இதுலயும் வருது. வெயில் ஜாஸ்தியான நாளு செவப்பா நாப்பத்திரண்டு காட்டும். ஓய்வு கொடுக்கவும்னு வரும். கடையைச் சாத்திட்டுப் படுத்துடுவேன். எழுந்தா எறங்கிக்கீது, உனக்கு எதுக்குப் போனு? மொதல்ல ஒரு பொண்ணு வந்து டான்ஸ் ஆடும், அத முடிய வுட்டுதான் பாக்கணும்."

சிரிப்பு வந்தது. வாயில் பாதி வந்த சிரிப்பு அங்கேயே நின்றுவிட்டது. அழுத்தம் நாலு என்றாரே.

"அத்தை, மாத்திரை போடறீங்கதான?"

அத்தை மேசையில் இருந்த பேனாவைப் பார்த்தார். "நாலுதான கீது. டாக்டரு அன்னிக்கு நூத்தி எழுபதுன்னாரு. அங்கருந்து நாலுக்கு எறங்கினதுக்கப்புறம் மாத்திரை எதுக்கு? சாயந்திரம் ஆனா மூணரைக்குப் போயிடுது. ரொம்பக் கம்மியாயிடப் போவுதுனு உப்பு கொஞ்சம் தூக்கலாப் போட்டு மோரு குடிப்பேன்."

"எப்போ நிறுத்தினீங்க?"

"நீ அத போட்டுக் குடுத்த பத்தாம் நாளே."

ஐயோ கடவுளே! நான் அதைப் போட்டுக்கொடுத்தது மாசிக் கடைசியில். இப்போது ஆடி. எனக்கு வந்த ஆத்திரத்தில் லாட்ஜ், விருந்தாளி, மரியாதை எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை. "அது போனோட உடம்பு அத்தை! உங்க உடம்பு இல்ல!" என்று கத்திவிட்டேன்.

அத்தை திருப்பிக் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கத்தவில்லை. போனை எடுத்தார், முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப நான் எப்படிம்மா கீறேன்?" என்றார்.

முதலாளியிடம் சொல்லிவிட்டு, அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு ஓர் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். வழியெல்லாம் கையை விடவில்லை. அவரும் விடச் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா அத்தையின் கையில் பட்டையைச் சுற்றி மெஷினை அழுத்தினார். அது ஒருதரம் கிய்யென்று கத்திவிட்டு அணைந்தது. "பேட்டரி தீந்துபோச்சு" என்றபடி நர்ஸம்மா புது செல் எடுக்கப் போனார். அத்தை என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே! இதுவும் கரண்ட்ல பாக்கறதுதான, என்னமோ கத்தினியே என்று அர்த்தம். செல் மாற்றியதும் நர்ஸம்மா இன்னொரு தடவை பார்த்தார். பிறகு அடுத்த கையிலும் பார்த்தார். நூற்றுத் தொண்ணூறைத் தாண்டியிருந்தது.

டாக்டர் என்னைத்தான் திட்டினார். இந்த அளவோடு இவ்வளவு நாள் கீழே விழாமல் இருந்ததே பெரிய விஷயம், கை கால் இழுத்துக்கொண்டிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்றார். என்ன காரணத்தால் மாத்திரையை நிறுத்தினார்கள் என்று கேட்டார். மின்னழுத்தம் நாலு என்று அவரிடம் எப்படிச் சொல்வது? "தெரியாம நிறுத்திட்டாங்க டாக்டர்" என்றேன். மாத்திரை கொடுத்து, கொஞ்சநேரம் வெளியே உட்காரவைத்து மறுபடி பார்க்க வேண்டும் என்றார்கள்.

வராந்தா பெஞ்சில் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். அத்தை போனை மடியில் குப்புறக் கவிழ்த்து வைத்திருந்தார்.

"நாள் முச்சூடும் அதையா பாத்துக்கிட்டு இருந்தீங்க?" என்றேன். கோபம் வடிந்திருந்தது.

"கடையில ஆளு இல்லாதப்பல்லாம் பாப்பேன்." போனின் முதுகைத் தடவினார். "உங்க மாமா டம்ளரைக் கீழ வெச்சாரு. அவ்ளோதான். நோவுதுன்னு சொல்லல, மூச்சு வாங்கல, ஒண்ணுமே காட்டல. எனக்கும் அப்படித்தான வரும்னு ஒரே பயம். தொறந்து பாத்தா நன்றுனு இருக்கும். அத மூடின ஒடனே மறுபடியும் பயமா இருக்கும். மறுபடியும் தொறப்பேன்."

சார்ஜ் எங்கே போனது என்று அப்போது தெரிந்தது. அந்த ஆப் தின்றது கொஞ்சம்தான். அத்தையின் பயம் தின்றதுதான் மீதியெல்லாம்.

"இத்தனை நாள் இந்தப் பயத்தை வெச்சுக்கிட்டு இருந்திருக்கீங்களே, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா அத்தை?"

அத்தை என்னை நிஜமாகவே ஆச்சரியத்தோடு பார்த்தார்.

"சொல்லிக்கினுதான இருந்தேன். நீ தெனம் போன் போட்டு, பேட்டரி எப்படி இருக்கு அத்தைனு கேட்ட. நன்றுனு சொன்னேன். சூடு கேட்ட, அதையும் சொன்னேன். சரினு வெச்சிட்ட." போனை நிமிர்த்தி, முந்தானையால் அதன் முகத்தைத் துடைத்தார். "நீ என்னைத்தான் விசாரிக்கிறனு நெனச்சேன்."

அவர் குத்திக்காட்டவில்லை. குத்திக்காட்டுவது அவருக்கு நன்றாகவே வரும், அந்தக் குரல் எனக்குத் தெரியும். இது அந்தக் குரல் இல்லை. அதனால்தான் எனக்கு அப்படி அழுகை வந்தது. வராந்தாவில் போகிறவர்கள் பார்க்கிறார்களே என்றுகூடத் தோன்றவில்லை. "இன்னாம்மா, எனக்குத்தான பிரஷர், நீ ஏன் அழற?" என்றார் அத்தை. அதே முந்தானையை என்னிடம் நீட்டினார்.

வேனை விட்டுவிட்டு வீட்டுக்காரர் வந்து சேர்ந்தபோது அத்தைக்கு நூற்று அறுபதுக்கு இறங்கியிருந்தது. நடந்ததைச் சொன்னேன். மின்னழுத்தம் என்ற இடத்தில் பெரிதாகச் சிரித்தார். தன்னைத்தான் நான் விசாரிப்பதாக அத்தை நினைத்ததைச் சொன்னதும் எழுந்துபோய் வாசலில் நின்றுகொண்டார். அன்று சாயங்காலமே போனுக்குப் புது பேட்டரி போட்டுக்கொண்டு வந்தார். ஆப்பைப் பற்றி அதன்பிறகு எங்கள் வீட்டில் சண்டை வரவில்லை.

அத்தை எங்களோடு இரண்டு நாள் இருந்தார். மூன்றாம் நாள் செவுத்தைப் பார்த்தது போதும் என்று கடைக்குக் கிளம்பிவிட்டார். அன்று காலைக் கூட்டம் ஓய்ந்ததும் லாட்ஜிலிருந்து போன் செய்தேன். பேட்டரி என்ற வார்த்தை பழக்கத்தில் நாக்கு நுனிவரை வந்தது. முழுங்கிக்கொண்டு, "எப்படி இருக்கீங்க அத்தை?" என்றேன்.

அந்தப் பக்கம் யாரோ மோர் கேட்பதும் அத்தை "இருப்பா" என்பதும் கேட்டது.

"யாரைக் கேக்கற?" என்றார். "என்னையா, போனையா?"

"உங்களைத்தான் அத்தை."

"அப்படிக் கேளு" என்றவர், இடது முட்டியில் ஆரம்பித்தார். முட்டியிலிருந்து இடுப்பு, இடுப்பிலிருந்து விடிகாலையில் வருகிற இருமல், மாத்திரை போட்டால் வாய் கசப்பது, மாமாவைக் கனவில் பார்த்தது, அவர் கனவிலும் டீ கேட்டது. மேசைக்கு முன்னால் சாவிக்காக ஆள் நின்றார். உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினேன். அத்தை நிறுத்தவேயில்லை. புது பேட்டரி போட்ட போன், மத்தியானம் சாப்பாட்டுக்கு முன்பே சார்ஜ் தீர்ந்து, பேச்சின் நடுவில் அணைந்துபோனது. விழுந்துவிட்டாரோ என்று நினைக்கவில்லை; சாவியை எடுத்து நீட்டினேன்.